திரைக்கதையில் முதுநிலைப் படிப்பு: விண்ணப்பம் முதல் கடைசி டிராஃப்ட் வரை

திரைக்கதை எழுத முதுநிலைப் பட்டம் வேண்டியதில்லை. சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கதை கேட்கும் தயாரிப்பாளர் எங்கும் கிடையாது. அப்படியிருக்க, ஒன்றிரண்டு வருடத்தையும் ஒரு பெரிய தொகையையும் இதில் போடுவதற்கு உருப்படியான காரணம் ஒன்றுதான்: எழுதியதைத் திருப்பி எழுத வைக்கும் கட்டாயம். தனியாக எழுதுகிறவர்களில் பலர் முதல் டிராஃப்ட் முடிந்ததும் அடுத்த கதைக்குத் தாவிவிடுகிறார்கள். நல்ல படிப்பு அந்த வழியை அடைத்துவிடும். ஒரே ஸ்கிரிப்டை மூன்று நான்கு முறை, கெடு தேதிக்குள், முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடிய பத்துப் பேருக்கு முன்னால் எழுதியாக வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி இறுதித் திட்டம் வரை கீழே வருவதெல்லாம் இந்த அளவுகோலை வைத்துச் சொல்வதுதான்.

எந்தப் பட்டம், எத்தனை வருடம்

அமெரிக்காவில் இது பெரும்பாலும் எம்.எஃப்.ஏ. (மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்), இரண்டு அல்லது மூன்று வருடம். படைப்புத் துறைகளில் இதையே உச்சப் பட்டமாக அங்கே எடுத்துக்கொள்வதால், பிற்பாடு கல்லூரியில் கற்பிக்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு இது உதவும். பிரிட்டனில் எம்.ஏ. பொதுவாக ஒரே வருடம். லண்டன் ஃபிலிம் ஸ்கூலின் திரைக்கதைப் படிப்பு அப்படிப்பட்டது. பீக்கன்ஸ்ஃபீல்டில் உள்ள நேஷனல் ஃபிலிம் அண்ட் டெலிவிஷன் ஸ்கூலில் மட்டும் அது இரண்டு வருடம். பல நாடுகளின் திரைப்படக் கல்லூரிகள் பட்டத்துக்குப் பதில் முதுநிலை டிப்ளமா தருகின்றன. எழுதக் கற்க அதில் குறையொன்றுமில்லை. ஆனால் பின்னால் ஆராய்ச்சிக்கோ ஆசிரியர் வேலைக்கோ போவதாக இருந்தால், உங்கள் நாட்டில் அந்த டிப்ளமாவை முதுநிலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்கிறார்களா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வருடப் படிப்பின் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் எம்.ஏ.வுக்கு மொத்தம் 180 கிரெடிட். அதில் இறுதித் திட்டத்துக்கு மட்டும் பெரும்பாலும் 60 போய்விடும். வகுப்புகள் வசந்த காலத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு செப்டம்பர் வரை மாணவர் ஏறக்குறைய தனி ஆள். வழிகாட்டியைச் சந்திப்பது சில முறைதான். தானாக உட்கார்ந்து எழுதும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவருக்கு இது சுதந்திரம். அந்தப் பழக்கத்தைத் தேடித்தான் படிக்கவே வருகிறார் என்றால், மூன்றில் ஒரு பங்கு படிப்பு அவர் கையை விட்டுப் போகிறது. அப்படிப்பட்டவர் இரண்டு வருடப் படிப்பைப் பார்ப்பதே நல்லது.

பாடத்திட்டத்தைத் துருவிப் பார்ப்பது

விளம்பரக் கையேட்டில் இருக்கும் புகழ்பெற்ற பழைய மாணவர்களின் படங்கள் எதையும் சொல்லாது. சேர்க்கை அலுவலகத்துக்கும், முடிந்தால் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களுக்கும் நேரடியாகக் கேள்வி அனுப்புங்கள். முதல் கேள்வி: ஒரு மாணவரின் ஒரே ஸ்கிரிப்டை ஒரே ஆசிரியர் எத்தனை டிராஃப்ட் வரை படிக்கிறார்? ‘ஒரு டிராஃப்ட், ஒரு மதிப்பெண், அடுத்த பாடம்’ என்று பதில் வந்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் யோசிக்க வேண்டிய இடம் அது. எழுதப் பழகலாம், திருத்தப் பழக முடியாது.

அடுத்து வொர்க்‌ஷாப்பின் அளவு. மாணவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் வகுப்பு இது; எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை சரி. இருபது பேர் இருந்தால் ஒருவரின் பக்கங்கள் பருவத்துக்கு இரண்டு தடவை மேசைக்கு வந்தாலே பெரிது. ஆசிரியர்கள் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறார்களா, முழுநேரமா, அவ்வப்போது வந்துபோகும் விருந்தினரா என்பதையும் கேளுங்கள். பெரிய பெயர் கொண்ட விருந்தினர் வருடத்துக்கு இரண்டு நாள் வந்து பேசிவிட்டுப் போவதால் உங்கள் இரண்டாம் டிராஃப்ட் தேறாது.

எழுதியதை நடிகர்களை வைத்து வாசிக்கவும் படமெடுக்கவும் வழி இருக்கிறதா என்பது மூன்றாவது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்புத் துறைகளோடு ஒரே வளாகத்தில் இருக்கும் திரைக்கதைத் துறைக்கும், இலக்கியத் துறையின் ஒரு கிளையாக இயங்கும் துறைக்கும் வித்தியாசம் பெரிது. முதல் வகையில் நீங்கள் எழுதிய ஐந்து பக்கக் குறும்படம் எடிட்டிங் மேசையில் மூன்று பக்கமாகச் சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். வசனம் எவ்வளவு மிகையாக எழுதுகிறோம் என்பதை அதைவிடச் சீக்கிரம் உறைக்க வைக்கும் வகுப்பு வேறில்லை. இரண்டாவது வகைக்கும் பலம் உண்டு: தழுவல், கதையியல், நாவல் வாசிப்பு எல்லாம் அங்கே ஆழமாக இருக்கும். தொலைக்காட்சி, இணையத் தொடர் எழுதும் ஆசை இருந்தால், பல பேர் சேர்ந்து எழுதும் ‘ரைட்டர்ஸ் ரூம்’ முறை தனிப் பாடமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுத்து மாதிரி

விண்ணப்பத்தில் கிட்டத்தட்ட எல்லாம் இதைப் பொறுத்ததுதான். ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு நீளம் கேட்கும். முழுநீளப் படம் என்றால் 90 முதல் 120 பக்கம், ஒரு மணி நேரத் தொடரின் பைலட் (முதல் எபிசோட்) 50 முதல் 65 பக்கம், குறும்படம் 10 பக்கம் அளவில். சில இடங்களில் 20 பக்க மாதிரியோடு சிறுகதையோ நாடகமோ கூட ஏற்பார்கள். கேட்ட அளவைத் தாண்டி ஒரு பக்கம்கூட அனுப்பாதீர்கள். நூற்றுக்கணக்கில் படிக்கும் தேர்வுக் குழுவுக்கு அது ஆர்வமாகப் படாது, விதிமுறையைப் படிக்காதவர் என்றுதான் படும்.

முதலில் ஒன்லைன், அதாவது ஒரே வாக்கியத்தில் கதை. பலவீனமான ஒன்லைன் இப்படி இருக்கும்: ‘காது மந்தமாகிவரும் ஒரு பெண் வாழ்க்கையோடு போராடுகிறாள்.’ இதில் யார், என்ன செய்ய வேண்டும், எதற்குள், தவறினால் என்ன போகும் என்ற நான்கும் இல்லை. அதே கதையை இப்படிச் சொல்லலாம்: ‘செவித்திறனை இழந்துவரும் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஒருத்தி, தான் தவறாகக் கேட்டு எழுதிய ஒரு வரியால் தண்டனை பெற்றவரின் மேல்முறையீடு முடிவதற்குள், தன் வேலையையே பறிக்கக்கூடிய அந்த உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும்.’ நீளம்தான். ஆனால் இதிலிருந்து ஒரு படம் எழுத முடியும். ஒன்லைனை முடிக்க முடியவில்லை என்றால் கோளாறு வாக்கியத்தில் இருப்பதில்லை. கதையில் யாருக்கு என்ன வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

அடுத்து சீன் ஆர்டர். முழுநீளப் படத்துக்கு 40 முதல் 60 சீன் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை; அட்டையில் இரண்டே வரி: சீனில் யார் எதை அடைய முயல்கிறார், முடிவில் என்ன மாறியிருக்கிறது. இரண்டாவது வரியை எழுத முடியாத அட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றில் பாதி தூக்கியெறிய வேண்டியவை, மீதி வேறொரு சீனோடு சேர வேண்டியவை.

அதற்குப் பிறகுதான் பக்கங்கள். தேர்வுக் குழு முதல் பத்துப் பக்கத்தில் பார்ப்பது புதிய கதையை அல்ல. படத்தில் தெரியாததை எழுதுகிறாரா, எல்லாவற்றையும் வசனத்திலேயே சொல்லிவிடுகிறாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள். சுருக்கெழுத்தாளர் மாலதி தன் நிலையை நமக்குத் தெரிவிக்கும் சீனை முதல் டிராஃப்டில் பலரும் இப்படித்தான் எழுதுவார்கள்: கேன்டீனில் தோழியிடம், ‘எனக்குக் காது சரியாவே கேக்க மாட்டேங்குது. வெளியில தெரிஞ்சா வேலை போயிடும்னு பயமா இருக்கு.’ தகவல் வந்துவிட்டது, ஆனால் சீன் வரவில்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

உள். நீதிமன்ற அறை – பகல்

நீதிபதி பேசுகிறார். மாலதியின் கண் அவர் உதட்டிலேயே இருக்கிறது. பென்சில் தடையில்லாமல் ஓடுகிறது.

நீதிபதி ஒரு தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் படிக்கிறார். உதடு மறைகிறது. பென்சில் நிற்கிறது.

மாலதி எதிரே நிற்கும் வக்கீல் ராகவனைப் பார்க்கிறாள். அவர் தலையாட்டுகிறார். அவள் ஏதோ எழுதுகிறாள்.

ராகவன்
மேடம், அந்தக் கடைசி வரியை ஒரு தடவை படிங்க.

மாலதி
(நோட்டை மூடியபடி)
டைப் பண்ணியே தந்துடறேன்.

அவளுக்குக் கேட்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை, பார்ப்பவர் கண்டுபிடிக்கிறார். பயத்தையும் யாரும் சொல்லவில்லை, நோட்டு மூடப்படுகிறது. இரண்டாவது வடிவம் முதல் வடிவத்தைவிட நீளம் என்பதையும் கவனியுங்கள். எல்லாவற்றையும் காட்சியாக்கினால் ஸ்கிரிப்ட் 200 பக்கத்துக்குப் போகும். எதைக் காட்டுவது, எதை ஒரு வார்த்தையில் கடப்பது என்று தேர்வதுதான் வேலை.

வடிவமைப்பில் புதுமை வேண்டாம். கூரியர் எழுத்துரு, 12 புள்ளி; இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற ஓரங்கள் ஒரு அங்குலம்; வசனம் தாளின் இடது விளிம்பிலிருந்து இரண்டரை அங்குலத்தில் தொடங்கும். ‘ஒரு பக்கம் ஒரு நிமிடம்’ என்ற தோராயக் கணக்கு இந்த அளவுகளில் ஆங்கிலத்தில் எழுதினால்தான் பொருந்தும். வேறு எழுத்துமுறையில் எழுதுகிறீர்கள் என்றால் எழுத்துருவின் அகலமும் வரி உயரமும் மாறிவிடும். பக்க எண்ணை நம்பாமல் ஸ்டாப்வாட்ச் வைத்து நடிப்போடு வாசித்துப் பாருங்கள். மென்பொருளுக்குப் பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றில்லை. ஃபைனல் டிராஃப்ட் பரவலாகப் பயன்படுகிறது, ஃபேட் இன் அதைவிட மலிவு. ஃபவுன்டன் என்ற முறையில் சாதாரண உரைக் கோப்பிலேயே எழுதி, கடைசியில் திரைக்கதை வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மாதிரி நிராகரிக்கப்படும்போது வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. கேமரா கோணங்களைப் பக்கம் பக்கமாக எழுதுவது. அது இயக்குநரின் வேலை என்பதைவிட, அதைப் படிக்கும்போது கதை நின்றுவிடுகிறது என்பதே பிரச்சினை. ‘அவன் தன் பால்யத்தை நினைத்து வருந்துகிறான்’ போன்ற, படமெடுக்க முடியாத வரிகள். முதல் பக்கத்திலேயே ஆறு கதாபாத்திரங்களைப் பெயரோடு அறிமுகப்படுத்துவது. தொடரின் முதல் எபிசோட் முழுக்க முன்கதையாகவே போய், அடுத்த எபிசோடில்தான் கதை தொடங்கும் என்று விட்டுவிடுவது.

மற்ற தாள்கள்

நோக்க அறிக்கை பெரும்பாலும் 500 முதல் 1000 சொற்கள். ‘சிறுவயதிலிருந்தே சினிமா என்றால் உயிர்’ என்ற வரியோடு தொடங்கும் அறிக்கைகள் குவியலாக வரும்; உங்களுடையது அந்தக் குவியலில் சேர வேண்டாம். மூன்று விஷயம் போதும்: என்ன மாதிரிக் கதைகளை எழுதுகிறீர்கள், இப்போது எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறீர்கள், அந்தத் தடுக்கலுக்கு இந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் அல்லது எந்த முறை உதவும். நடுவில் உள்ளதுதான் முக்கியம். ‘என் இரண்டாம் பாதிகள் எல்லாம் தற்செயலில் முடிகின்றன’ என்று எழுதும் மாணவரோடு வேலை செய்யலாம் என்று ஆசிரியருக்குத் தோன்றும்.

பரிந்துரைக் கடிதங்கள் அமெரிக்காவில் வழக்கமாக மூன்று, பிரிட்டனில் இரண்டு. உங்கள் எழுத்தைப் படித்துத் திருத்தியவர், கெடு தேதிக்குள் வேலையை முடிப்பவர் நீங்கள் என்று சாட்சி சொல்லக்கூடியவர் என்று பார்த்துக் கேளுங்கள். உங்களை அரைகுறையாகத் தெரிந்த பிரபலத்தின் நான்கு வரிக் கடிதம் பாதகமாகிவிடும். குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கேட்டு, உங்கள் மாதிரியையும் அறிக்கையையும் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

கால அட்டவணையைப் பொறுத்தவரை, அமெரிக்கக் கல்லூரிகளின் கடைசி தேதிகள் பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் வரும். நேர்காணல் குளிர்காலத்தின் பிற்பகுதியில், முடிவு மார்ச் வாக்கில். ஆகவே முந்தைய வசந்தத்திலேயே மாதிரியின் முதல் டிராஃப்ட் முடிந்திருக்க வேண்டும். கோடையில் இரண்டாம் டிராஃப்ட், இலையுதிர் காலத்தில் மூன்றாவது. அக்டோபரில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியதை அனுப்பினால், படிப்பவருக்கு அது முதல் டிராஃப்ட் என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நேர்காணலில் உங்கள் மாதிரியில் ஒரு குறையைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். சரியான பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. குறை சொன்னதும் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். உடனே தற்காத்துப் பேசுவதும், உடனே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன் என்பதும் இரண்டுமே தவறான சமிக்ஞை. ‘அங்கே நான் செய்ய நினைத்தது இது, அது உங்களுக்கு வந்து சேரவில்லை என்றால் இதற்கு முந்தைய சீனில்தான் சிக்கல் இருக்கும்’ என்ற திசையில் பேசுங்கள்.

பணம்

சுருக்கமாக. அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் கற்பித்தல் உதவியாளர் வேலை தந்து கட்டணத்தைக் குறைக்கின்றன. தனியார் திரைப்படக் கல்லூரிகளில் அது அரிது. உதவித்தொகையோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தரும் உடன்பாட்டில் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்திருக்கின்றன. அதற்கு முன் முடிவு கேட்டு நெருக்கினால், அந்தக் கல்லூரி உடன்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பேசலாம். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை ஒரு வருட முதுநிலைப் படிப்புகளுக்கானது. முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் படிப்புகளில் திரைப்படம் சார்ந்தவை உண்டு. ஒரே பட்டத்துக்கு இரண்டு மூன்று நாடுகளில் படிக்கலாம்.

கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால் ஒரு கசப்பான கணக்கைப் போட்டுப் பாருங்கள்: படிப்பு முடிந்து மூன்று வருடம் எழுத்திலிருந்து எந்த வருமானமும் வராது என்று வைத்துக்கொண்டு தவணை கட்ட முடியுமா? முடியாது என்றால் குறைந்த கட்டணப் படிப்போ பகுதிநேரப் படிப்போ நல்லது. தவணைக்குப் பயந்து முழுநேர வேலைக்குப் போய்விட்டால், படிப்பில் வளர்த்த பழக்கம்தான் முதலில் போகும்.

முதல் பருவமும் வொர்க்‌ஷாப்பும்

பாடங்களின் வரிசை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: குறும்படம், பிறகு முழுநீளத்துக்கான ஒன்லைன், சீன் ஆர்டர், ட்ரீட்மென்ட் (முழுக்கதையின் உரைநடைச் சுருக்கம்), முதல் டிராஃப்ட். கட்டமைப்பைச் சொல்லித்தரும் முறைதான் இடத்துக்கு இடம் மாறும். தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்று அங்கம் எங்கும் உண்டு. எட்டு சீக்வென்ஸ் முறையைப் பரப்பியவர் ஃபிராங்க் டேனியல். பிராகில் ஃபாமு என்ற திரைப்படக் கல்லூரியில் கற்பித்து, பின்பு அமெரிக்காவில் ஏ.எஃப்.ஐ., கொலம்பியா, யு.எஸ்.சி. எனப் பல இடங்களில் ஆசிரியராக இருந்தவர். படத்தைப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி இலக்கும் தனி நெருக்கடியும் வைப்பது இந்த முறை. அந்தப் பத்துச் சொச்சம் நிமிடம் பழைய பிலிம் ரீலின் அளவை ஒட்டியது: 35 மி.மீ. பிலிமில் 1000 அடி, நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினால், சுமார் 11 நிமிடம்.

முதல் முழுநீள ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு இந்த முறைதான் கைகொடுக்கும். மூன்று அங்கக் கணக்கில் நடுப்பகுதி மட்டும் அறுபது பக்கம். அதற்குள் வழி தவறாதவர் குறைவு. அதையே நான்கு சீக்வென்ஸாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு சிறு படம். மாலதி கதையில் மூன்றாவது சீக்வென்ஸின் இலக்கு ‘பழைய நோட்டை ஆவண அறையிலிருந்து எடுப்பது’, நான்காவதின் இலக்கு ‘செவிப் பரிசோதனையிலிருந்து தப்பிப்பது’ என்று வைத்துக்கொண்டால், எழுத உட்காரும் ஒவ்வொரு காலையும் எதை எழுத வேண்டும் என்று தெரியும். எந்த முறையானாலும் எழுதுவதற்கு முன் ஒரு வரைபடமாகவும், எழுதிய பின் ஒரு பரிசோதனையாகவும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ‘முப்பதாம் பக்கத்தில் திருப்பம் வர வேண்டும்’ என்று நடுவில் எண்ணிக்கொண்டே எழுதினால் அந்தத் திருப்பம் வெளியிலிருந்து ஒட்டியதாகத்தான் தெரியும்.

வொர்க்‌ஷாப்பில் பக்கங்களை இரண்டு நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். ஒரு அமர்வுக்கு 15 முதல் 25 பக்கம் தாங்கும். உரக்க வாசிக்கும்போது எழுதியவர் எந்தப் பாத்திரத்தையும் வாசிக்கக் கூடாது. வாசிப்பவர் நாக்கு தடுக்கும் இடம், சபை சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காத இடம், யாரோ முந்தைய பக்கத்தைத் திரும்பப் புரட்டும் இடம் ஆகியவற்றை ஓரத்தில் கோடிட்டுக்கொண்டே போக வேண்டும். பேச்சில் வரும் கருத்தைவிட இந்தக் கோடுகள் நம்பகமானவை.

கருத்துச் சொல்லும் அமர்வு பல இடங்களில் சண்டையாகவோ முகஸ்துதியாகவோ முடிகிறது. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய நான்கு படி முறையை எழுத்து வகுப்புகளிலும் பயன்படுத்துகிறார்கள். முதலில் எது மனதில் நின்றது என்று பார்வையாளர்கள் சொல்வார்கள். அடுத்து எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாக, பார்வையாளர்கள் கருத்து கலக்காத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில், எழுதியவர் அனுமதித்தால் மட்டும் கருத்து. உங்கள் வகுப்பில் இந்த முறை இல்லாவிட்டாலும் இரண்டாம் படியை நீங்களே கொண்டுவரலாம். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காமல், ‘மாலதி பொய் சொல்கிறாள் என்று எந்தப் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்தது?’ என்று கேளுங்கள். பத்துப் பேர் பத்துப் பக்க எண் சொன்னால் சிக்கல் எங்கே என்று கையில் கிடைத்துவிட்டது.

மறுவரைவு

நோட்ஸ், அதாவது மற்றவர்களின் கருத்துக் குறிப்புகள், கையில் வந்த அன்றே கோப்பைத் திறக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தீர்வாகச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் பிரச்சினையாக மாற்றி எழுதுங்கள். ‘ராகவனைக் கொன்றுவிடலாம்’ என்பது தீர்வு. அதன் பின்னால் இருக்கும் பிரச்சினை, ‘ராகவன் எழுபதாம் பக்கத்துக்கு மேல் கதையில் எதையும் மாற்றவில்லை’ என்பதாக இருக்கும். தீர்வுகள் ஒன்றோடொன்று முரண்படும். அவற்றைப் பிரச்சினைகளாக மாற்றி எழுதியதும் பல, ஒரே இடத்தைச் சுட்டுவது தெரியும்.

அந்த இடம் பெரும்பாலும் சுட்டப்பட்ட பக்கத்துக்கு முன்னால் இருக்கும். ‘நடுப்பகுதி இழுக்கிறது’ என்று ஆறு பேர் சொன்னால், அனுபவமில்லாதவர் நடுப்பகுதியை வெட்டுவார். வெட்டிய பிறகும் இழுக்கும். மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதே இருபதாம் பக்கம் வரை பார்வையாளருக்குத் தெரியாது என்றால், நடுப்பகுதியில் எந்தச் சீனும் அவசரமாகத் தோன்றாது. தேதியை முதல் சீக்வென்ஸில் வைத்துவிட்டால், ஒரு வரிகூட வெட்டாமல் நடுப்பகுதி வேகமெடுக்கும்.

ஒரே சுற்றில் எல்லாவற்றையும் திருத்த முயல்வதுதான் மாணவர்கள் அதிகம் நேரம் இழக்கும் இடம். வரிசை வேண்டும். முதல் சுற்றில் கட்டமைப்பு மட்டும்: ஸ்கிரிப்டைத் தொடாமல் அட்டைகளில் வேலை. இரண்டாவதில் கதாபாத்திரம்: ஒருவரின் சீன்களை மட்டும் பிரித்தெடுத்து வரிசையாகப் படியுங்கள், அவர் முடிவெடுக்கும் சீன் எத்தனை, அவருக்கு ஏதோ நடக்கும் சீன் எத்தனை என்று எண்ணினாலே விஷயம் விளங்கும். மூன்றாவதில் சீன்: ஒவ்வொன்றின் முதல் மூன்று வரியையும் கடைசி மூன்று வரியையும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் சீன்கள் அவை இல்லாமலே நிற்கும். வசனமும் வாக்கியமும் கடைசிச் சுற்று. கட்டமைப்பு மாறும்போது எப்படியும் தூக்கியெறியப்படும் சீனின் வசனத்தை மூன்று நாள் மெருகேற்றுவதில் லாபமில்லை.

ஒவ்வொரு டிராஃப்டும் புதிய கோப்பாகவும் தேதியோடும் இருக்கட்டும். கட்டமைப்புச் சுற்றுக்கு இரண்டு வாரம், மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் என்று வைத்தால் ஐந்து வாரத்தில் ஒரு நேர்மையான மறுவரைவு முடியும். நான்கே நாளில் முடிந்துவிட்டது என்றால் அது பிழைதிருத்தம்தான்.

இறுதித் திட்டமும் கூடவே வரும் கட்டுரையும்

இறுதித் திட்டம் என்பது முழுநீள ஸ்கிரிப்ட், அல்லது பைலட்டும் தொடர் பைபிளும் (தொடரின் கதையுலகம், பாத்திரங்கள், வரும் எபிசோடுகளைச் சொல்லும் ஆவணம்). அதோடு பல்கலைக்கழகங்களில் 3000 முதல் 5000 சொற்களில் ஒரு விமர்சனக் கட்டுரை. ஸ்கிரிப்டில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் இந்தக் கட்டுரையில் கோட்டைவிடுவது வாடிக்கை. காரணம், அதில் கதையைத் திரும்பச் சொல்கிறார்கள், இல்லையென்றால் எழுதிய அனுபவத்தை நாட்குறிப்பாக்குகிறார்கள். தேர்வாளர் கேட்பது முடிவுகளுக்கான காரணத்தை. ‘இரண்டாம் டிராஃப்டில் பார்வைக் கோணத்தை மாலதியிடமிருந்து சிறையில் இருப்பவருக்கு மாற்றியபோது சஸ்பென்ஸ் கூடியது, குற்றவுணர்ச்சி காணாமல் போனது, ஆகவே மூன்றாவதில் திரும்ப மாற்றினேன்’ என்ற ஒரு பத்தி, மேற்கோள்கள் நிறைந்த ஐந்து பத்திக்குச் சமம். இதற்குத்தான் தேதியிட்ட டிராஃப்டுகளும் நோட்ஸ் தாள்களும் தேவைப்படும். பின்னர் முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இது நேரடிப் பயிற்சி: பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படைப்புவழி ஆய்வு என்பது ஒரு ஸ்கிரிப்டும் அதையொட்டிய நீண்ட ஆய்வுரையும் சேர்ந்ததுதான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிக் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். பாடத்துக்குப் பாடம்கூட மாறலாம். பயன்படுத்தியதை மறைப்பது பல இடங்களில் ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். தொழிலிலும் இது சாதாரண விஷயமாக இல்லை: 2023இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில், இயந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கருத முடியாது என்பதும் ஒரு பிரிவு.

உரிமை, போட்டிகள், வெளியேறும் முன்

பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எழுதி முடித்த ஸ்கிரிப்டுக்குப் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு. பல நாடுகளில் பதிவு என்பது பின்னால் வழக்கு வந்தால் காட்டும் தேதிச் சான்று. சிக்கல் வருவது வேறு இடத்தில்: கல்லூரிக் கருவிகளையும் பணத்தையும் வைத்து எடுத்த மாணவர் படங்களில் கல்லூரிக்கும் பங்கு கேட்கும் விதி இருக்கலாம். ஸ்கிரிப்டுக்கும் அது பொருந்துமா என்று சேரும்போது கையெழுத்திடும் தாளிலேயே படித்துவிடுங்கள். இருவர் சேர்ந்து எழுதினால் யார் பங்கு என்ன, ஒருவர் விலகினால் என்ன என்று முதல் டிராஃப்டுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நாவலைத் தழுவிப் பயிற்சிக்காக எழுதிய ஸ்கிரிப்டை உரிமை வாங்காமல் வெளியே விற்க முடியாது. ஆகவே கடைசித் திட்டம் சொந்தக் கதையாக இருப்பதே லாபம்.

போட்டிகளில் ஆஸ்கர் அகாடமி நடத்தும் நிக்கோல் ஃபெலோஷிப் 1986 முதல் இருக்கிறது. 2025 முதல் அதன் நுழைவு முறை மாறி, கூட்டாளிப் பல்கலைக்கழகங்கள், பயிலரங்குகள், எழுத்தாளர்கள் ஸ்கிரிப்டுகளைப் பதிவேற்றும் பிளாக் லிஸ்ட் இணையதளம் ஆகியவற்றின் வழியாகத்தான் ஸ்கிரிப்டுகள் போகின்றன. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருந்தால் உள்தேர்வு எந்த மாதம் என்று முதல் வருடத்திலேயே கேட்டுவையுங்கள்.

கடைசி மாதத்தில் சில சில்லறை வேலைகள் உண்டு. விட்டால் பெரிய தலைவலி. மாணவர் உரிமத்தில் கிடைத்த மென்பொருள் படிப்போடு காலாவதியாகும். ஆகவே எல்லா டிராஃப்டையும் பி.டி.எஃப். ஆகவும், எதிலும் திறக்கும் ஃபவுன்டன் அல்லது சாதாரண உரைக் கோப்பாகவும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். ஸ்கிரிப்டின் தலைப்புப் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழக மின்னஞ்சலை மாற்றிச் சொந்த முகவரியைப் போடுங்கள். பல இடங்களில் அந்தக் கணக்கு சில மாதத்தில் மூடப்படும், தாமதமாகப் படித்துப் பதில் போடும் தயாரிப்பாளரின் கடிதமும் அதோடு போகும். வகுப்பில் உங்கள் பக்கங்களை ஒழுங்காகப் படித்துவந்த மூன்று நான்கு பேரோடு, மாதம் ஒரு நாள், ஆளுக்கு இருபது பக்கம் என்று அடுத்த ஆறு மாதத்துக்குத் தேதிகளைக் குறித்துவிட்டு வளாகத்தை விட்டுக் கிளம்புங்கள்.